பஸ் டிக்கெட்டின் பின்பக்கமும் தாத்தாவின் டிரங்குப் பெட்டியும்

சென்ற மாதம் என் பேரனுடன் மெஜஸ்டிக்கிலிருந்து அல்சூருக்கு டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். நான் நீட்டிய நோட்டுக்குக் கண்டக்டரிடம் சில்லறை இல்லை. "சில்லறெ இல்லா சார், இளியுவாக தகொள்ளி" என்று சொல்லிவிட்டு, டிக்கெட்டைத் திருப்பி அதன் முதுகில் 30 என்று எழுதி ஒரு வட்டம் போட்டுக் கையில் கொடுத்தார். இது பெங்களூர்வாசிகளான நமக்குப் புதிதல்ல. இறங்கும்போது கூட்டத்தில் முண்டியடித்து வெளியே வந்ததும்தான் பாக்கி ஞாபகம் வரும். அன்றும் அப்படித்தான். பஸ் போய்விட்டது, டிக்கெட் என் கையில்.

ஏழாம் வகுப்புப் படிக்கும் பேரன் அதை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "தாத்தா, இதுலதான் முப்பது ரூபான்னு எழுதியிருக்கே. இதைக் கடையில குடுத்தா ஐஸ்கிரீம் குடுப்பாங்களா?"

"குடுக்க மாட்டாங்கடா" என்றேன். "ஏன் குடுக்க மாட்டாங்க?" என்றான். அதற்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. முப்பத்தைந்து வருடம் வங்கியில் நோட்டு எண்ணியவன் நான். வீட்டுக்கு வந்ததும் பரணில் இருந்த தாத்தாவின் டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னேன். அவன் கேள்விக்கான விடை அந்தப் பெட்டிக்குள் இருந்தது. ஆனால் பெட்டியைத் திறப்பதற்கு முன் வாசக அன்பர்களுக்குச் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும்.

எழுதிக் கொடுத்த சீட்டு பணமாகப் புழங்கியதே இல்லையா என்றால், தாராளமாகப் புழங்கியிருக்கிறது. அதுவும் ஊர் ஊராக. ஜெர்மானியர்கள் இதற்கு 'நோட்கெல்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 'நெருக்கடிப் பணம்' என்று நாம் சொல்லலாம். 1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் தொடங்கியதும் அங்கே மக்கள் வெள்ளிக் காசுகளைப் பதுக்கத் தொடங்கினார்கள். காகித நோட்டு இருக்கிறது, ஆனால் ரொட்டி வாங்கினால் மீதி கொடுக்கக் காசு இல்லை. வியாபாரம் நின்றுபோகும் நிலை. அப்போது ஊராட்சிகளும் நகரசபைகளும் தாங்களே சிறு தொகைகளுக்குச் சீட்டு அச்சடித்து வெளியிட்டன. போர் நீள நீள, செம்பும் நிக்கலும் குண்டு செய்யப் போனபோது இந்தச் சீட்டுகள் இன்னும் பெருகின.

ஊர்ச் சீட்டை மக்கள் ஏன் நம்பினார்கள்? இதுதான் என் பேரன் கேட்ட கேள்வி. நகரசபைக்கு வரி கட்ட வேண்டும், தண்ணீர்க் கட்டணம் உண்டு, டிராம் வண்டிக்குக் காசு கொடுக்க வேண்டும். நகரசபை தான் வெளியிட்ட சீட்டை இதற்கெல்லாம் வாங்கிக்கொண்டது. ஆகவே ரொட்டிக் கடைக்காரன் அதைக் கைநீட்டி வாங்கத் தயங்கவில்லை. தன் வரிக்கு அது உதவும் என்று அவனுக்குத் தெரியும். அடுத்த ஊருக்குப் போனால் அதே சீட்டைச் சீந்துவாரில்லை! சீட்டிலேயே இன்ன தேதிக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும் என்றும் அச்சடித்திருப்பார்கள்.

நம் பெட்டிக்கடைக்காரர் சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுக்கிறாரே, அதே மிட்டாயை நாம் திருப்பிக் கொடுத்தால் வாங்குவாரா? வாங்கமாட்டார். ஆகவே மிட்டாய் பணமல்ல. கொடுத்தவனே திரும்ப வாங்கிக்கொள்கிறானா என்பதுதான் முதல் சோதனை.

இதில் வேடிக்கையும் உண்டு. போர் முடிந்தபின் 1920, 21 வாக்கில் ஜெர்மன் ஊர்கள் இந்தச் சீட்டுகளை வண்ணப் படங்களோடு அச்சடித்தன. குழலூதி எலிகளை இழுத்துப்போன கதைக்குப் பேர்போன ஹாமெல்ன் ஊர் தன் சீட்டில் அந்தக் குழலூதியையே போட்டது. பீலெஃபெல்ட் நெசவுத்தொழில் ஊராதலால் பட்டுத் துணியில் அச்சடித்தது. மைசென் ஊரின் பீங்கான் ஆலையில் பீங்கானிலேயே காசு செய்தார்கள். படம் சேகரிப்பவர்கள் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டார்கள். திரும்பி வராத சீட்டுக்கு ஊராட்சி பணம் தர வேண்டியதில்லை அல்லவா? அது ஊருக்கு லாபம். நம்மூர் பஞ்சாயத்துத் தலைவர்கள் இதைப் படிக்காமலிருப்பது நல்லது.

நம் நாட்டிலும் இந்தச் சில்லறைப் பஞ்சம் இரண்டு போர்களிலும் வந்தது. முதல் போரில் வெள்ளி ரூபாய்க்குத் தட்டுப்பாடு வந்ததால் 1917 நவம்பர் 30 அன்று அரசாங்கம் முதன்முதலாக ஒரு ரூபாய்க் காகித நோட்டு வெளியிட்டது. 1918 ஜனவரியில் இரண்டு ரூபாய் எட்டணாவுக்கு ஒரு நோட்டு வந்தது. இரண்டரை ரூபாய் நோட்டு என்று இன்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். இரண்டாம் போரில் நிலைமை இன்னும் மோசம். 1940ல் பிரான்ஸ் வீழ்ந்த செய்தி வந்ததும் ஜனங்கள் வெள்ளி ரூபாயைப் பானையில் போட்டுப் புதைத்தார்கள். தேவைக்கு மேல் நாணயம் சேர்ப்பது குற்றம் என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. ஒரு ரூபாய் நோட்டை மறுபடி வெளியிட்டது. ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு இருந்த வெள்ளியைப் பாதியாகக் குறைத்தது. 1943ல் செம்பை மிச்சம் பிடிக்க நடுவில் ஓட்டை போட்ட காலணா வந்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் அரைஞாண் கயிற்றில் கோத்துக் குழந்தைகளுக்குக் கட்டிய 'ஓட்டைக் காலணா' அதுதான். வண்டிப் பட்டறைகளில் வாஷருக்குப் பதில் அதையே போட்டார்கள் என்று அப்பா சொல்வார். வாஷரைவிடக் காலணா மலிவு!

இதே சமயத்தில்தான் நம் நாட்டில் ஜெர்மன் ஊர்ச் சீட்டுக்கு நேரான ஒன்று தோன்றியது. குஜராத்தின் கத்தியவார் பகுதியில் சின்னஞ்சிறு சமஸ்தானங்கள் பல இருந்தன. சில ஒரு டவுனும் சுற்றியுள்ள கிராமங்களும் சேர்ந்த அளவுதான். மோர்வி, கோண்டல், ஜுனாகத், ராஜ்கோட் போன்றவை காலணா, அரையணா, ஓரணாவுக்கு அட்டைத் துண்டுகளை அச்சடித்துச் சில்லறையாக விட்டன. ராஜஸ்தானத்தில் பூந்தியும் பிகானேரும் அப்படியே செய்தன. 'கேஷ் கூப்பன்' என்று அவற்றுக்குப் பெயர். மைசூர் சமஸ்தானம் இவற்றையெல்லாம்விடப் பெரியது. ஆனால் இங்கே பிரிட்டிஷ் இந்தியாவின் நாணயமே புழங்கியது.

பெங்களூரில் வேறு ஒரு வகைச் சீட்டு இருந்தது. வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இத்தாலியப் போர்க் கைதிகளை ஆயிரக்கணக்கில் இங்கே கொண்டுவந்து ஜாலஹள்ளி முதலிய இடங்களில் முகாம் போட்டு வைத்திருந்தார்கள். அவர்கள் கையில் நிஜ ரூபாய் கொடுத்தால் தப்பியோட உதவும். ஆகவே முகாமுக்குள் மட்டும் செல்லும் கூப்பன்களை அச்சடித்துக் கொடுத்தார்கள். சோப்பு, சிகரெட் வாங்கலாம், வேலிக்கு வெளியே வந்தால் வெறும் காகிதம்.

இலங்கை அரசு 1942ல் செய்தது இன்னும் சுவாரசியம். ஐந்து சதத்துக்கு ஒரு சிறு நோட்டு அச்சடித்தது. தபால்தலையில் இருப்பதுபோல் நடுவில் துளை வரிசை. கிழித்தால் ஒரு துண்டு இரண்டு சதம், மறு துண்டு மூன்று சதம். சில்லறை இல்லையென்றால் நோட்டையே சில்லறையாக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இதுவரை சொன்னதெல்லாம் சில்லறைத் தட்டுப்பாடு. அதை ஒரு சௌகரியக் குறைவு என்று சொல்லலாம். ஜெர்மனியில் 1923ல் நடந்தது வேறு ஜாதி. போரில் தோற்று, இழப்பீடு கட்டும் பாரமும் சேர்ந்து, அரசாங்கம் வரவுக்கு மேல் செலவுக்கு நோட்டாக அச்சடித்துத் தள்ளியது. 1923 ஜனவரியில் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ரூர் தொழிற்பகுதியைப் பிடித்துக்கொண்டன. வேலைநிறுத்தம் செய்த தொழிலாளிகளுக்குச் சம்பளம் கொடுக்க அரசு இன்னும் அச்சடித்தது. போருக்கு முன் ஒரு அமெரிக்க டாலருக்கு 4.20 மார்க். 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4 லட்சத்து 20 ஆயிரம் கோடி மார்க்! நான் சுழியம் அதிகம் போட்டுவிடவில்லை. எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

நோட்டு மலைபோல் குவிந்திருக்கும்போது நோட்டுத் தட்டுப்பாடு எப்படி வரும் என்று கேட்கலாம். விலை சில நாட்களுக்கு ஒருமுறை இரட்டிப்பானால், நேற்று அச்சடித்த நோட்டு இன்றைய சம்பளத்துக்குப் போதாது. மத்திய வங்கிக்காக நூற்றுக்கு மேற்பட்ட தனியார் அச்சகங்கள் ஓடியும் எட்டவில்லை. வெள்ளிக்கிழமை சம்பளம் கொடுக்க வேண்டிய ஆலை முதலாளி நகரசபைக்கு ஓடினார். நகரசபை உள்ளூர் அச்சகத்துக்கு ஓடியது. ஊர்கள், ஆலைகள், ரயில்வே என்று ஆளுக்கு ஆள் கோடிக் கணக்கில் சீட்டு விட்டார்கள். அவசரத்தில் ஒரு பக்கம் மட்டும் அச்சடித்தார்கள். சம்பளம் வாங்கியவன் அதை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினான். மாலைக்குள் விலை ஏறிவிடும்.

வருடக்கணக்காகச் சேமிப்பு வங்கியில் போட்டு வைத்த முதியவர்கள் கதி என்ன? மகள் கல்யாணத்துக்கென்று சேர்த்த பணத்தில் ஒரு தபால்தலை வாங்க முடியவில்லை. கடைசியில் நவம்பர் 15 அன்று 'ரென்டன்மார்க்' என்ற புது நோட்டு வந்தது. நிலத்தையும் தொழில்களையும் ஈடு காட்டி, இவ்வளவுக்கு மேல் அச்சடிப்பதில்லை என்று வரம்பு வைத்து வெளியிட்டார்கள். ஒரு ரென்டன்மார்க்குக்கு ஒரு லட்சம் கோடி பழைய மார்க். சுழியங்கள் போயின, சேமித்தவர்களின் பணமும் போயிற்று.

இனிப் பெட்டிக்கு வருகிறேன். இப்படியொரு பண வீக்கத்தில் என் குடும்பமே சிக்கியது. அது ஜெர்மனியில் அல்ல, மலாயாவில்.

என் தாத்தா முசிறிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக மலாயாவுக்குப் போய் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். அங்கே நம்மவர்கள் டாலரை 'வெள்ளி' என்றுதான் சொல்வார்கள். போருக்கு முந்திய மலாயா வெள்ளிக்கு நாணய வாரியம் முழு அளவுக்கு பிரிட்டிஷ் பவுனை ஈடாக வைத்திருந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின் ஜப்பானியர்கள் தங்கள் சொந்த நோட்டை விட்டார்கள். பத்து வெள்ளி நோட்டில் குலை தள்ளிய வாழைமரம் இருந்ததால் மலாய்க்காரர்கள் 'டூயிட் பீசாங்' என்றார்கள். நம்மவர்களுக்கு அது வாழைமர நோட்டு.

முதலில் வந்த நோட்டுகளில் வரிசை எண் இருந்தது. பிறகு எண்ணே இல்லை, எழுத்துக்கள் மட்டும். மலாயாவுக்கு 'எம்', பர்மாவுக்கு 'பி'. கேட்டால் தருவதாக ஜப்பானிய அரசாங்கம் வாக்களிக்கிறது என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். எண் இல்லாத நோட்டு எவ்வளவு அச்சடிக்கப்பட்டது என்று யாருக்குத் தெரியும்? வங்கிக்காரனாக எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்கும். சிங்கப்பூரில் 1941 டிசம்பரில் ஒரு பிக்கல் அரிசி, அதாவது சுமார் 60 கிலோ, ஐந்து வெள்ளி. 1945 ஜூனில் அது ஐயாயிரம் வெள்ளியைத் தொட்டது. தோட்டத்து ஜனங்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிடித்தார்கள். சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனவர்களில் தாத்தாவின் தம்பியும் ஒருவர். அவர் திரும்பவில்லை.

இந்த நோட்டால் லாபமடைந்தவர்களும் உண்டு. போருக்கு முன் செட்டியார்களிடம் கடன் வாங்கியிருந்தவர்கள் வாழைமர நோட்டைக் கட்டாகக் கொண்டுவந்து கொடுத்து அடமானத்தை மீட்டுக்கொண்டார்கள். நல்ல வெள்ளி கொடுத்தவருக்குக் காகிதம் திரும்பி வந்தது. வாங்கமாட்டேன் என்று சொல்லும் தைரியம் அன்று யாருக்கு இருக்கும்? இந்த வழக்குகளைத் தீர்க்க 1948ல் தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று. எந்தத் தேதியில் எத்தனை ஜப்பானிய வெள்ளி ஒரு மலாயா வெள்ளிக்குச் சமம் என்று அதில் ஒரு பட்டியல் உண்டு.

எங்கள் அப்பாயி 1945 தொடக்கத்தில் தன் அட்டிகையை விற்றார். கப்பல் ஓடத் தொடங்கியதும் ஊருக்குப் போய்விடலாம், கையில் ரொக்கம் இருக்கட்டும் என்று தாத்தாதான் விற்கச் சொன்னாராம். ஒரு கட்டு நோட்டு வந்தது. சிக்கனமாக முடிந்து வைத்தார்கள். ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. செப்டம்பரில் பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் வந்ததும் வாழைமர நோட்டு செல்லாது என்று அறிவித்துவிட்டது. பழைய மலாயா நோட்டை ஒளித்து வைத்திருந்தவன் பிழைத்தான். கட்டை எடுத்துக்கொண்டு தாத்தா தோட்டத்து ஆபீசுக்குப் போனபோது கிராணி சிரித்துவிட்டாராம். அட்டிகையாக இருந்திருந்தால் நாலு பேருக்குக் கப்பல் டிக்கெட் ஆகியிருக்கும்.

எப்படியோ கடன் வாங்கி 1946ல் நாகப்பட்டினம் வந்து சேர்ந்தார்கள். கடனை அடைக்க நிலம் இல்லாததால்தான் தாத்தா பெங்களூருக்கு நெசவாலை வேலைக்கு வந்தார். நாங்கள் இந்த ஊர்க்காரர்கள் ஆனது அப்படித்தான். அந்தக் கட்டை மட்டும் அவர் எறியவில்லை. "சர்க்கார் வாக்குக் குடுத்து அச்சடிச்சிருக்கான். ஒருநாள் குடுப்பான்" என்பார். ஜப்பானிய அரசு கடைசிவரை கொடுக்கவில்லை. அப்பாயிக்குக் கோபம் வந்தால் ஒரே வார்த்தைதான்: "அரிசி இல்ல. வாழைமரத்தை வித்துத் தின்னுங்க." தாத்தா எழுந்து வெளியே போய்விடுவார்.

பேரன் கட்டைப் பிரித்து எண்ணினான். இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது வெள்ளி. பழைய நாணயக் கண்காட்சி ஒன்றுக்கு அவனை அழைத்துப் போனேன். பத்து வெள்ளி நோட்டை அங்கே இருந்த வியாபாரி திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "இது நிறையக் கிடைக்குது சார்" என்றார். அவர் மேசையிலேயே மோர்வி சமஸ்தானத்தின் சின்ன அட்டைக் கூப்பன் ஒன்று கண்ணாடிக்குள் இருந்தது. விலையைக் கேட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். காலணாச் சீட்டுக்கு இருக்கும் மரியாதை பத்து வெள்ளிக்கு இல்லை! வந்த சீட்டையெல்லாம் வாங்கிக் கிழித்துப் போட்டால் மிச்சம் இருப்பது அரிதாகிவிடும். யாரும் வாங்கிக்கொள்ளாதது கட்டுக் கட்டாக மிஞ்சும்.

வீட்டுக்கு வரும் வழியில் அவன் கேள்விக்குப் பதில் சொன்னேன். இன்று நம் நாட்டில் எந்த ஊரும் அப்படிச் சீட்டு விட முடியாது. கொண்டுவருபவருக்குக் கேட்டவுடன் பணம் தருகிறேன் என்று எழுதிய பத்திரத்தை ரிசர்வ் வங்கியும் மத்திய அரசும் தவிர வேறு யாரும் வெளியிடக்கூடாது என்பது 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31ஆவது பிரிவு. ஒரு ரூபாய் நோட்டை மட்டும் மத்திய அரசே வெளியிடுகிறது. அதில் நிதித்துறைச் செயலரின் கையெழுத்து இருக்கும், தருகிறேன் என்ற வாக்கு இருக்காது. கையில் கிடைத்தால் எடுத்துப் பாருங்கள்.

டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிய முப்பது ரூபாய் அந்தக் கண்டக்டருக்கும் எனக்கும் உள்ள கணக்கு. அதைக் காட்டினால் அவர் கொடுத்திருப்பார். ஐஸ்கிரீம் கடைக்காரருக்கு அவரைத் தெரியாது. "அப்ப ஜப்பான்காரனை மட்டும் தாத்தாவுக்குத் தெரியுமா?" என்றான் பேரன். நான் ஒன்றும் சொல்லவில்லை. வாங்கமாட்டேன் என்றால் துப்பாக்கி இருந்தது என்பதை இன்னும் இரண்டு வருடம் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம்.

நம் சங்கக் குடும்பங்களில் மலாயா, பர்மாவிலிருந்து வந்தவர்களின் பேரப் பிள்ளைகள் பலர் இருப்பார்கள். வீட்டில் இத்தகைய நோட்டு இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். கிழிசலுக்கு செலோடேப் ஒட்ட வேண்டாம், அது காகிதத்தைத் தின்றுவிடும். ரப்பர் பேண்டும் போட வேண்டாம். ஒரு காகித உறையில் வைத்து, கொண்டுவந்தவர் பெயர், தோட்டத்தின் பெயர், வருடம் இவற்றை உறையின் மேல் பென்சிலால் எழுதி வையுங்கள். பெரியவர்கள் யாரேனும் இருந்தால் அது எப்படிக் கைக்கு வந்தது என்று கேட்டு அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் கட்டின் உறைமேல் தாத்தாவின் பெயருக்குக் கீழே அப்பாயியின் பெயரையும், 'அட்டிகை, 1945' என்றும் பேரன் தமிழிலேயே எழுதியிருக்கிறான். 'ட்டி'யில் ஒரு புள்ளி விட்டுப்போயிற்று. நான் திருத்தவில்லை.